ஸ்கோர் ஏறுது, கை ஏறல: மணிக்கட்டு முறிவுக்கு அப்புறம் கேம் வச்சு பயிற்சி பண்றப்ப வர்ற கோளாறுங்க

நான் பாம்பன்ல மொபைல் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், டாக்டரும் இல்ல பிசியோவும் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். போன மழைக்கு எங்கம்மா கெணத்தடில வழுக்கி வலது கைய ஊனி விழுந்துட்டாங்க. முப்பது வருஷமா கடல்ல பாசி எடுத்தவங்க, பாறை மேலயே நடந்தவங்க, கடைசில கெணத்தடி பாசில விழுந்தாங்க. மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேல ரேடியஸ் (முன்னங்கைல கட்டைவிரல் பக்கம் இருக்குற எலும்பு) முறிவு. கைய ஊனி விழுந்தா வழக்கமா உடையுற எடம் இதுதான், அயர்லாந்து டாக்டர் காலிஸ் 1814லயே, எக்ஸ்ரேன்னு ஒண்ணு வர்றதுக்கு எண்பது வருஷம் முன்னாடியே, இத எழுதி வச்சிருக்காரு, கை பக்கவாட்டுல பாத்தா வளைஞ்ச முள்கரண்டி மாதிரி தெரியும்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரிச்சப்போ கை கருவாடு மாதிரி வறண்டு வெறச்சு கெடந்துச்சு. ராமநாதபுரத்துல பிசியோ பாத்தவரு பயிற்சி எல்லாம் படம் போட்ட ஒரு பேப்பர் குடுத்தாரு, அம்மா ரெண்டு நாள் பண்ணிட்டு அத அரிசி டின்னுக்கு மூடியாக்கிட்டாங்க. அப்புறம் அவரே, போன சாய்ச்சு பந்து உருட்டுற கேம் இருக்குல்ல, அத வச்சு பண்ண வைங்கன்னு சொன்னாரு. அதுல ஆரம்பிச்சதுதான். நான் கடைல போன் ரிப்பேர் பண்ற மாதிரியே, என்ன கோளாறு, எங்க இருந்து வருதுன்னு பாத்து பாத்து சரி பண்ணேன். இப்ப தெரிஞ்சவங்க நாலு பேரு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

ஆரம்பிக்கும் முன்ன: எலும்பு கூடிருச்சு அசைக்கலாம்னு டாக்டர் சொல்லணும். மாவுக்கட்டுன்னா பெரும்பாலும் ஆறு வாரம் கிட்ட ஆகும், ப்ளேட் வச்சு ஆபரேஷன் பண்ணவங்கள சில நேரம் ரெண்டு வாரத்துலயே அசைக்க சொல்லுவாங்க, உங்க கணக்கு உங்க டாக்டர் கணக்குதான், எங்கம்மா கணக்கு இல்ல. கட்டுக்குள்ள இருக்கறப்பவே விரல், முழங்கை, தோள் இதெல்லாம் அசைச்சுக்கிட்டே இருக்கணும், அதுக்கு கேம் வேண்டாம்.

"ஸ்கோர் எகிறுது, மணிக்கட்டு அசையவே மாட்டேங்குது"

இதுதான் பெரிய கோளாறு, பத்துல எட்டு பேருக்கு இதுதான்னு நான் நினைக்கிறேன். எங்கம்மா மூணாவது நாளே பந்து கேம்ல ஏழாவது லெவல் போயிட்டாங்க, எனக்கு ஒரே சந்தோஷம், அக்கம்பக்கம் எல்லாம் சொல்லியாச்சு. பிசியோ கிட்ட போனா அவரு கோணம் அளந்து பாத்துட்டு போன வாரம் இருந்த அதே இருபது டிகிரிதான்மா இருக்குங்கிறாரு.

வீட்டுக்கு வந்து பக்கவாட்டுல நின்னு வீடியோ எடுத்தேன். பாத்தா தெரியுது, கை பலகை மாதிரி நேரா நிக்குது, முழங்கை மேல போகுது, தோள் தூக்குது, லெவல் கஷ்டமான எடத்துல ஒடம்பே சாயுது. போனுக்கு என்ன தெரியும், சாஞ்சுச்சா சாயலயா அவ்வளவுதான் அதுக்கு தெரியும், எந்த மூட்டு சாச்சுச்சுன்னு அதுக்கு தெரியாது. ஒடம்பு பெரிய கள்ளன், வலிக்கிற எடத்த விட்டுட்டு வலிக்காத எடத்த வச்சு வேலைய முடிச்சுரும், அம்மா வேணும்னு ஏமாத்தல.

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கமான உதாரணம் சொல்றேன். 1914ல தொறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துல நடுவுல இருந்த தூக்குப்பாலம், ஆளுங்க நின்னு கையால சுத்தினா ரெண்டு பக்கமும் கதவு மாதிரி மடங்கி மேல ஏறும், பாலம் ஓடுன காலத்துல அப்படித்தான். 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலம் அப்படி இல்ல, நடுத்துண்டு மடங்காம அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் நேரா மேல போகும். மணிக்கட்டு பழைய பாலம் மாதிரி வேலை பாக்கணும், அம்மா புதுப் பாலம் மாதிரி கைய மொத்தமா தூக்கிட்டு இருந்தாங்க. இத சொன்னதும் அம்மாவுக்கு உடனே புரிஞ்சுருச்சு, அதுக்கப்புறம் நான் "புதுப் பாலம்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், முழங்கை கீழ எறங்கிரும்.

சரி பண்ண விதம்: முன்னங்கைய மேசை மேல வச்சு மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளில தொங்குற மாதிரி உக்காரணும். முன்னங்கை மேல ஒரு துண்ட குறுக்க போட்டு மேசையோட சேத்து லேசா கட்டலாம், ரத்த ஓட்டம் நிக்கிற மாதிரி இல்ல, தூக்கினா தெரியுற மாதிரி. மேசை இல்லாம பண்ற பயிற்சின்னா முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு கைத்துண்டு சுருட்டி வைங்க, துண்டு கீழ விழுந்தா அந்த ரவுண்டு செல்லாது. நாங்க அத ஒரு ரூல் ஆக்கினோம், அக்கா மகன்தான் அம்பயர், அவனுக்கு எட்டு வயசு, அவன விட கறாரான ஆள நான் பாத்ததே இல்ல.

இந்த கார் ஓட்டுற கேம் இருக்கே, ரெண்டு கையால போன ஸ்டியரிங் மாதிரி புடிக்கிறது, அத ஆரம்பத்துல தொடாதீங்க. நல்ல கை மொத்த வேலையும் பாத்துரும், ஒடஞ்ச கை சும்மா ஓசில கூட போகும்.

"கைய நல்லாத்தான் ஆட்டுறாங்க, கேம்ல ஒண்ணுமே நகரல"

இது நேர் எதிர் கோளாறு. கை ஒழுங்கா அசையுது, போன் பாக்க மாட்டேங்குது. மொதல்ல சின்னச் சின்ன விஷயம்: பேட்டரி சேவர் ஆஃப் பண்ணுங்க, கேமுக்குள்ள செட்டிங்ஸ்ல கண்ட்ரோல் "சாய்ப்பு"ல இருக்கா "தொடுதல்"ல இருக்கான்னு பாருங்க, ஸ்க்ரீன் ரொட்டேஷன லாக் பண்ணுங்க இல்லன்னா நடுவுல படம் திரும்பிக்கும். கம்மி விலை போன் சிலதுல ஆக்சிலரோமீட்டர் (சாய்வ பாக்குற சென்சார்) மட்டும் இருக்கும், கைரோ (சுத்துறத பாக்குற சென்சார்) இருக்காது, கைரோ கேக்குற கேம் அதுல ஓடாது, கடைல வாங்கும்போது யாரும் இத சொல்றதில்ல.

இதெல்லாம் சரியா இருந்தும் நகரலன்னா விஷயம் வேற. சாய்ப்பு கேம் பெரும்பாலும் புவியீர்ப்ப வச்சுதான் கணக்கு போடும். கையில ஒரு டம்ளர் தண்ணி இருக்குன்னு வச்சுக்கங்க. டம்ளர சாய்ச்சா தண்ணி சிந்தும், போனுக்கும் தெரியும். சாய்க்காம மேசை மேல இடமும் வலமுமா திருப்பினா தண்ணி சிந்தாது, போனுக்கும் தெரியாது. அவ்வளவுதான் சூத்திரம்.

இப்ப கைக்கு வாங்க. உள்ளங்கை கீழ பாத்து, போன் புறங்கை மேல இருக்குன்னா, மணிக்கட்ட மேல தூக்குறது கீழ மடக்குறது ரெண்டும் தண்ணி சிந்துற அசைவு, கேம் வேலை செய்யும். (பந்து முன்ன பின்ன போகாம இடம் வலம் மட்டும் போற கேம்னா போன குறுக்கால வச்சுக் கட்டுங்க.) அதே நிலையில கைய கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் அசைச்சா தண்ணி சிந்தாது, எத்தன தடவ பண்ணாலும் ஸ்கோர் பூஜ்யம்தான். நான் இதுல ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன், சென்சார் போச்சுன்னு நினைச்சு போன தொறக்கவே போயிட்டேன்.

பக்கவாட்டு அசைவுக்கு நாங்க கண்டுபுடிச்ச வழி: முன்னங்கைய நெஞ்சுக்கு குறுக்கால, ரெண்டு பழைய டைரி அடுக்கி அது மேல வைங்க, கட்டைவிரல் மேல பாக்கணும், உள்ளங்கை உங்க நெஞ்ச பாக்கணும், கை டைரிக்கு வெளில நீட்டிக்கிட்டு இருக்கணும். போன உள்ளங்கையில புடிச்சா ஸ்க்ரீன் உங்க மூஞ்சியையே பாக்கும். இப்ப கைய மேல கீழ சாய்ச்சா போன் ஸ்டியரிங் மாதிரி திரும்பும், கார் கேம் சூப்பரா ஓடும், அதுவும் ஒரே கைல. மேல வேணாம்னு சொன்ன அதே கார் கேம்தான், இங்க வச்சா மருந்து.

"நேத்து நல்லா வந்துச்சு, இன்னைக்கு பந்து ஒரு பக்கமாவே ஓடுது"

நடுநிலை மாறிருச்சு. சில கேம் ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் அந்த நேரம் கை எப்படி இருக்கோ அதையே பூஜ்யம்னு எடுத்துக்கும். ஒடஞ்ச கை சும்மா விட்டா கொஞ்சம் கீழ தொங்கிதான் இருக்கும், அப்ப தொங்குன நிலையே பூஜ்யமாகி, நேரா நிமித்துறதையே கேம் பெரிய சாதனை மாதிரி காட்டும். அதனால ஸ்டார்ட் அமுக்கும் முன்ன கைக்கு அடில ஒரு நோட்டு வச்சு முன்னங்கையோட மட்டமாக்கி, கேலிப்ரேட் (இதுதான் பூஜ்யம்னு கேமுக்கு சொல்ற பட்டன்) அமுக்கிட்டு, அப்புறம் நோட்ட உருவுங்க. தினமும் அதே நோட்டு, அதே மேசை, அதே நாற்காலி.

சென்சிட்டிவிட்டியும் பாத்துக்கங்க. அத ரொம்ப ஏத்தி வச்சா அஞ்சு டிகிரி ஆட்டினாலே பந்து எகிறும், ஆள் ஜெயிச்சுக்கிட்டே இருப்பாரு மூட்டு அங்கேயே இருக்கும். மொத வாரம் ஏத்தி வைங்க, ஆசை வரட்டும், அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொறைங்க, அதே ஸ்கோருக்கு கை கூடுதலா மடங்கணும். நெசமான கணக்குக்கு ஸ்கோர நம்பாதீங்க, மட்டம் பாக்குற ஆப் எல்லா போன்லயும் கெடைக்கும், வாரம் ஒரு நாள் முன்னங்கைய மேசைல படுக்க வச்சு புறங்கை மேல போன வச்சு கோணம் எழுதி வைங்க. நல்ல மணிக்கட்டு மேல 70 கீழ 80 டிகிரி கிட்ட போகும், ஆனா ஒடயாத உங்க இன்னொரு கை எவ்வளவு போகுதோ அதுதான் உங்க இலக்கு. அன்றாட வேலை முக்கால்வாசிக்கு மேலயும் கீழயும் நாப்பது நாப்பது இருந்தாலே ஓடிரும்னு பிசியோ சொன்னாரு.

கூட ஒண்ணு, படகுல உக்காந்து இந்த கேம ஆடாதீங்க. எங்க மாமா வள்ளத்துல போகையில ட்ரை பண்ணிட்டு கேம் கெட்டுப்போச்சுன்னு கடைக்கு தூக்கிட்டு வந்தாரு. அலை ஆட்டுறதும் கை ஆட்டுறதும் போனுக்கு ஒண்ணுதான்.

"விளையாடும்போது வலி இல்ல, ராத்திரி வீங்குது"

அளவு மீறிருச்சு. கேம்ல இதான் ஆபத்து, பேப்பர் பயிற்சில பத்து எண்ணினா தானா நிறுத்திருவோம், கேம்ல இன்னும் ஒரு லெவல் இன்னும் ஒரு லெவல்னு முக்கா மணி நேரம் போயிரும். போன்ல பத்து நிமிஷம் அலாரம் வைங்க, அடிச்சா பாதி லெவல்ல இருந்தாலும் கீழ வைக்கணும், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ. ஒரே மூச்சுல நாப்பது நிமிஷத்துக்கு நாலு பத்து நிமிஷம் எவ்வளவோ மேல்.

எங்களுக்கு பிசியோ சொன்ன அளவு: பத்துக்கு மூணு வரைக்கும் வலி பரவால்ல, அது ஒரு மணி நேரத்துல அடங்கணும். மறுநாள் காலைல எந்திரிக்கும்போதும் வலியோ வீக்கமோ மிச்சம் இருந்தா அன்னைக்கு பாதி அளவு. முடிச்சதும் கைய நெஞ்சுக்கு மேல தூக்கி தலகாணில வச்சு விரல மூடி மூடி தொறக்கணும். ஆரம்பிக்கும் முன்ன வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் முக்கினா வெறப்பு கொறையும், புண்ணோ கம்பியோ வெளில இல்லன்னா மட்டும்.

எண்ணெய் போட்டு உருவி விடுறேன்னு வர்றவங்கள வாசல்லயே நிறுத்துங்க. மேல லேசா தடவறது வேற, மூட்ட புடிச்சு மடக்கி முறுக்கறது வேற. எங்க தெருவுல ஒருத்தருக்கு நல்லா கூடி வந்த கைய அப்படி முறுக்கி மறுபடி வீங்கி மூணு வாரம் வீணாப்போச்சு.

"உள்ளங்கை மேல பாக்க திரும்பவே மாட்டேங்குது"

இதுக்குத்தான் ரொம்ப நாள் ஆச்சு. மேல கீழ மடங்குறது வந்துருச்சு, ஆனா உள்ளங்கைய வானத்தப் பாத்து விரிக்க முடியல. இது முன்னங்கைல இருக்குற ரெண்டு எலும்பும் ஒண்ணு மேல ஒண்ணு சுத்துற அசைவு, மணிக்கட்டுக்கிட்ட உள்ள மூட்டும் முழங்கை மூட்டும் சேந்து பண்றது. இது இல்லன்னா சில்லற வாங்க முடியாது, சோத்த அள்ளி வாய்க்கு கொண்டு போறது கஷ்டம், நோன்பு கஞ்சி கிண்ணத்த உள்ளங்கைல ஏந்த முடியாது. அம்மா ராமேஸ்வரம் கோயிலுக்கு போனப்போ தீர்த்தம் வாங்க கைய நீட்டினா கை சரிஞ்சு தண்ணி சுண்டுவிரல் பக்கமா வழிஞ்சு போயிருச்சு, எடது கைய நீட்டவும் மனசில்ல, வீட்டுக்கு வந்து அன்னைக்கு முழுக்க பேசல.

போன் கேம்ல இதுக்கு: முழங்கைய விலாவோட ஒட்டி தொண்ணூறு டிகிரி மடக்கி (துண்டு மறக்காதீங்க), போன் உள்ளங்கைல, இடம் வலம் சாய்க்கிற கேம். முழங்கை விலாவ விட்டு வெளில போச்சுன்னா தோள்தான் சுத்துது, முன்னங்கை இல்ல.

ஆனா உண்மைய சொன்னா இந்த எடத்துல போன விட சொட்டாங்கல்தான் ஜெயிச்சுச்சு. சொட்டாங்கல்னு சொல்லுங்க தட்டாங்கல்னு சொல்லுங்க, உள்ளங்கைல இருக்குற கல்ல மேல போட்டு கைய புரட்டி புறங்கைல ஏந்தி, திரும்ப போட்டு உள்ளங்கைல புடிக்கிறது. நெனச்சுப் பாருங்க, முழு சுத்தும் அதுல இருக்கு, கூடவே வேகம், கண்ணு கை ஒத்துமை எல்லாம். கல்லு கனம்னு மொதல்ல துணில தச்ச குட்டி மூட்டை, உள்ள பயறு போட்டு, அப்புறம் சோழி, கடைசில கல்லு. மொதல்ல புறங்கைல ஒண்ணு கூட நிக்காது, அது தப்பில்ல, கை மட்டமா திரும்பல்லங்கிறத அதுவே காட்டிக் குடுக்குது. எந்த பக்கம் சரிஞ்சு விழுதுன்னு பாருங்க, கை இன்னும் எப்படி திரும்பணும்னு அதுலயே தெரியும்.

"போன் கைல நிக்கல"

கிட்டத்தட்ட எல்லா போனும் கவரோட 200 கிராம் வரும், ஆறு வாரம் சும்மா கெடந்த கைக்கு அது ஒரு எடைதான். எங்க பக்கத்து உப்புக்காத்துல வேர்வை வேற பிசுபிசுன்னு. பழைய காட்டன் சாக்ஸ வெட்டி, கட்டைவிரலுக்கு ஒரு ஓட்ட போட்டு, கைல மாட்டி, அதுக்குள்ள போன சொருகுங்க, புடிக்கவே வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்காதீங்க, விரல் நீலமாகும். கீழ பாய் விரிச்சு வைங்க, டிஸ்ப்ளே மாத்துற காச எங்கிட்ட குடுக்காதீங்க.

கேம மூடிட்டு டாக்டர்ட்ட போக வேண்டியது

இதுக்கெல்லாம் செட்டிங்ஸ் கெடையாது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகுது, ராத்திரில எழுப்பி விடுது: நரம்பு நசுங்குதான்னு பாக்கணும். கைய மேசைல தட்டையா வச்சு கட்டைவிரல மட்டும் மேல தூக்கச் சொன்னா திடீர்னு முடியல: தசைநார் அறுந்திருக்கலாம், இது முறிவு லேசா இருந்தவங்களுக்குகூட சில வாரம் கழிச்சு வரும், வலி பெருசா இருக்காதுங்கிறதால விட்டுருவாங்க. கை பளபளன்னு வீங்கி நிறம் மாறி, அந்த கை மட்டும் வேர்த்து, சேலை பட்டாலே எரியுது: இதுல ஒரு வாரம் கூட காத்திருக்காதீங்க. கட்டு போட்டிருக்கும்போதே தாங்க முடியாத வலி, விரல் வெளுப்பு, உணர்வு இல்லன்னா ராத்திரியா இருந்தாலும் கெளம்பணும். நின்ன எடத்துல விழுந்தே எலும்பு ஒடஞ்ச வயசானவங்களுக்கு எலும்பு அடர்த்தி கொறஞ்சிருக்கான்னும் ஒரு தடவ பாக்கச் சொல்லிக் கேளுங்க.

"போரடிக்குது, போன தொடவே மாட்டேங்குறாங்க"

கேம் அவங்களோடது இல்ல, நம்மளோடது. கார், பந்து, பறக்குற குருவி எல்லாம் எனக்கு புடிக்கும், அம்மாவுக்கு எதுக்கு? ஒரு வாரம் பாத்துட்டு பல்லாங்குழிய எறக்கினேன். குழில இருந்து வழிச்சு அள்ளும்போது மணிக்கட்டு பக்கவாட்டுல போகுது, ஒவ்வொண்ணா போடும்போது விரல் வேலை, பதினாலு குழிக்கும் கை நகரணும். ஒடஞ்ச கையாலதான் அள்ளணும்னு மட்டும் ரூல். எதிர்ல உக்கார ஒரு ஆள் வேணும், அது ரொம்ப முக்கியம், போன் கேம் நின்னதுக்கு காரணமே தனியா உக்காந்து ஆடுனதுதான்னு இப்ப தோணுது.

"கேம் நல்லா வருது, வேலை வரல"

கோணம் வந்துருச்சு, பலம் வரல. சாய்ப்பு கேம் மூட்ட அசைக்கும், பிடிய வளக்காது, அத அதுகிட்ட எதிர்பாக்கக் கூடாது. டாக்டர் எடை தூக்கலாம்னு சொன்ன அப்புறம் ஈரத்துண்டு பிழியறது, மாவு பிசையறது, பாட்டில்ல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கூட்டி தூக்கறது. வலை இழுக்கறது, நங்கூரக் கயிறு, மிதவைய தூக்கறது எல்லாம் கடைசி, அதுக்கு டாக்டர் தனியா சரின்னு சொல்லணும்.

அம்மா போறது மண்டபம் பக்கம் பாசி வளக்குற மிதவைக்கு, அங்க வேலை கயித்துல பாசித் துண்ட வரிசையா கட்டறது. அதனால மூணாவது மாசம் ரெண்டு முழம் கயித்த வாசல் கம்பில கட்டி, பாசிக்கு பதிலா கிழிஞ்ச துணிய முடிச்சு போட வச்சோம், பக்கத்து வீட்டு அக்கா எதிர்ல உக்காந்து அவங்களும் கட்டுவாங்க, அஞ்சு நிமிஷத்துல யாரு எத்தனன்னு எண்ணுறது. மொத நாள் அக்கா முப்பது அம்மா ஒம்பது. இப்ப ரெண்டு முடிச்சுதான் பின்னாடி இருக்காங்க, அந்த ரெண்டும் அக்கா இறுக்காம போட்ட முடிச்சு, அதெல்லாம் கணக்குல வராதுன்னு அம்பயர்ட்ட அப்பீல் போயிருக்கு.